பத்துப் போட்டால் இரட்டைப்படை, ஒன்பது போட்டால் ஒற்றைப்படை: நம்பர் 4 லீ-என்ஃபீல்டில் தோட்டா சிக்கும் புதிர்

வடதிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கிறேன். துப்பாக்கி உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற இலையுதிர் காலத்தில், காலமான ஒரு வேட்டைக்காரரின் குடும்பத்தாரிடமிருந்து நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். டொரோன்டோவுக்கு மேற்கே இருந்த லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் 1943-இல் செய்யப்பட்டது. குழலின் உட்புறம் பளபளவென்று இருக்கிறது, மரப்பாகத்தில் ஒரு விரிசலும் இல்லை, நூறு கஜத்தில் குறியும் நன்றாக விழுகிறது.

தொல்லை எல்லாம் மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) சேம்பருக்கு (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) தோட்டா ஏறும் இடத்தில்தான். தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட்டை முன்னே தள்ளும்போது சில தோட்டாக்கள் வெண்ணெய் போல உள்ளே போகின்றன. சில தோட்டாக்கள் மூக்கைச் சேம்பர் வாயின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. போல்ட்டைச் சற்றுப் பின்னிழுத்து, விரலால் தோட்டாவைத் தட்டிவிட்டால்தான் ஏறுகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்து, புதிதாகச் செய்து விற்கப்படும் மேகசின் ஒன்றை இணையத்தில் வாங்கிப் போட்டேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று. இப்போது பழைய மேகசினின் லிப் பகுதியை, அதாவது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல்விளிம்பை, குறடால் சற்று வளைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். பயன்படுத்துவது 180 கிரெய்ன் எடையுள்ள, முனையில் ஈயம் தெரியும் வேட்டைத் தோட்டா. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பழைய ஆர்மரர் எழுதியது:

தம்பி, குறடை முதலில் கீழே வையுங்கள். தமிழ்நாட்டுக் காவல் துறையின் ஆயுதக் கிடங்கு ஒன்றில் இருபத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எங்கள் ஊரில் இந்தத் துப்பாக்கிக்கு லீ, என்ஃபீல்டு என்ற பெயரெல்லாம் கிடையாது; சிறு பிள்ளைக்கும் அது 'த்ரீ நாட் த்ரீ'தான். அங்கே நாங்கள் கையாண்டவற்றில் பெரும்பாலானவை மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் செய்த நம்பர் 1 வகை. உங்களுடையது நம்பர் 4. பார்வைக்கு மேகசின்கள் அண்ணன் தம்பி போல இருந்தாலும் ஒன்றை மற்றொன்றில் மாட்டி நிம்மதியாகச் சுட முடியாது. ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

ஒரு செய்தியை மனத்தில் வையுங்கள். இந்தத் துப்பாக்கியில் மேகசின் என்பது இன்றைய துப்பாக்கிகளில் போலக் கழற்றிக் கழற்றி மாட்டும் பொருள் அன்று. சிப்பாய்க்கு ஒரு துப்பாக்கி, ஒரு மேகசின். ஐந்து ஐந்து தோட்டாக்களாகச் சார்ஜர் என்ற தகட்டுப் பிடியில் வைத்து மேலிருந்து அழுத்தி நிரப்புவான். துடைப்பதற்கு மட்டுமே மேகசினைக் கழற்றுவான். ஒவ்வொரு மேகசினும் அந்தந்தத் துப்பாக்கியில் பொருத்திப் பார்த்துச் சரிசெய்யப்பட்டது. ஆகவே ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் புது மேகசின் வாங்குவது, செருப்பு கடிக்கிறது என்று சந்தையில் வேறொருவர் செருப்பை மாட்டிக்கொள்வதைப் போன்றது.

இனி என் கேள்விகள். எத்தனையாவது தோட்டா சிக்குகிறது? மூக்கு எங்கே முட்டுகிறது: மேலேயா, கீழேயா, பக்கவாட்டிலா? சிக்கும் நேரத்தில் அடுத்த தோட்டாவும் சேர்ந்து முன்னே நகர்கிறதா? மேகசினின் அடியில் கட்டைவிரல் வைத்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டு போல்ட்டைத் தள்ளினால் ஏதாவது மாற்றம் உண்டா?

இந்தச் சோதனைகளை வீட்டில் உயிருள்ள தோட்டாக்களை வைத்துச் செய்யவே கூடாது. டம்மி தோட்டா வேண்டும். அதிலும் பிளாஸ்டிக் டம்மி வேண்டாம், ஏனென்றால் அதன் ரிம் (அடி விளிம்பு) அளவு பெரும்பாலும் ஒத்துவராது. பித்தளை உறையில் உண்மையான குண்டு பொருத்தி, மருந்தும் அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் இல்லாமல், உறையின் பக்கத்தில் துளை போட்டு, தொட்டவுடன் டம்மி என்று தெரியும்படி இருக்க வேண்டும்.

லித்கோ வாசி எழுதியது:

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே லித்கோ தொழிற்சாலை 1912-இல் திறக்கப்பட்டு, பல்லாண்டுகள் நம்பர் 1 மார்க் 3 துப்பாக்கிகளைச் செய்து தள்ளியது. இன்று அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. என் கணிப்பு இதுதான்: ரிம் லாக்.

.303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரிம்மின் விட்டம் 0.540 அங்குலம், அதற்குச் சற்று மேலே உறையின் விட்டம் 0.460 அங்குலம்தான். இரண்டு வரிசையாக அடுக்கும்போது இந்த ரிம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மேலே இருக்கும் தோட்டாவின் ரிம், கீழே இருப்பதன் ரிம்முக்கு முன்னால் இருந்தால் தடையின்றி முன்னே போகும். பின்னால் மாட்டிக்கொண்டால் கீழுள்ளதையும் இழுத்துக்கொண்டு போக முயன்று நின்றுவிடும். ரஷ்யர்கள் 1891-ஆம் ஆண்டின் மோசின் துப்பாக்கியில் இந்தத் தொல்லையைத் தவிர்ப்பதற்காகவே, இரண்டாவது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் தனி உறுப்பு ஒன்றை வைத்தார்கள். பிரிட்டிஷார் அப்படி எதுவும் வைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டாவையும் முந்தையதன் ரிம்முக்கு முன்னால் விழும்படி கவனமாக நிரப்புங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பழைய ஆர்மரர் எழுதியது:

லித்கோ நண்பர் சொன்ன விளக்கம் சரி. முடிவில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. சார்ஜரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து தோட்டாக்களில் முதல், மூன்றாம், ஐந்தாம் தோட்டாக்களின் ரிம் சார்ஜரின் அடித்தகட்டை ஒட்டி இருக்கும். இரண்டாம், நான்காம் தோட்டாக்களின் ரிம் அவற்றுக்கு முன்னால் இருக்கும். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் அதே அமைப்பு. இருட்டிலும் அவசரத்திலும் தலைகீழ் என்ற பேச்சே வராமல் இருப்பதற்காகத்தான் அப்படி. அந்த வரிசையிலேயே மேகசினுக்குள் இறங்கினால், மூன்றாம் தோட்டாவின் ரிம் இரண்டாவதன் ரிம்முக்குப் பின்னாலும், ஐந்தாவதன் ரிம் நான்காவதன் ரிம்முக்குப் பின்னாலும் அல்லவா போகும்? நண்பரின் கணக்குப்படி ஒவ்வொரு சார்ஜரிலும் இரண்டு இடங்களில் பூட்டு விழ வேண்டும். ஆனால் இரண்டு உலகப் போர்களில் கோடிக்கணக்கான தோட்டாக்கள் இந்த அடுக்கில்தான் ஏறின.

காரணம் என்னவென்றால், ஒழுங்கான மேகசினில் மேல் தோட்டா முன்னே நகரத் தொடங்கியதும் அதன் பின்பகுதிக்கு மேலெழ இடம் கிடைக்கிறது. ரிம்மின் ஓரம் சரிவாக இருந்தால் கீழுள்ள ரிம்மைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. லிப் சரியாக இருந்து, ஸ்பிரிங் உயிரோடு இருந்து, ரிம்மில் பிசிறில்லாமல் இருந்தால் ரிம் லாக் என்பது அரிது. ஆகவே ரிம் லாக் வந்தால், அதை நான் நோயாகக் கருதுவதில்லை, காய்ச்சலாகக் கருதுகிறேன். உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

கல்தச்சன் எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? சேம்பர் வாய்க்கு முன்னால் உள்ள சரிவை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் எந்தத் தோட்டாவும் வழுக்கிக்கொண்டு போய்விடும். மின்சாரத் தேய்ப்பான் இருந்தால் அரை மணி நேர வேலை. என் நண்பர் ஒருவரின் வேட்டைத் துப்பாக்கியில் இதைச் செய்து பயன் கண்டோம்.

பழைய ஆர்மரர் எழுதியது:

கல்தச்சன் அவர்களே, உங்கள் பெயருக்கு ஏற்றபடி உளியை எடுத்துவிட்டீர்கள். வளைத்த தகட்டைத் திரும்ப வளைக்கலாம். தேய்த்த இரும்பை யாரும் திரும்ப வைக்க முடியாது. 1943-இல் செய்தபோது இருந்த அளவு மாறாத ஒரு பாகத்தை, நோய் எதுவென்று தெரியுமுன் தேய்ப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். தவிரவும், சில தோட்டாக்கள் வெண்ணெய் போல ஏறுவதாகத் தம்பியே எழுதியிருக்கிறார். எல்லாத் தோட்டாக்களும் அதே சரிவின் மேல்தான் ஏறுகின்றன. சரிவுதான் குற்றவாளி என்றால் ஒன்றை மட்டும் ஏன் விட்டுவிடுகிறது?

லித்கோ வாசி எழுதியது:

அந்த வாதத்தில் ஒரு சிறு ஓட்டை. இரண்டு வரிசைத் தோட்டாக்களும் சரிவின் ஒரே கோட்டில் ஏறுவதில்லை. ஒன்று இடப்புறமிருந்தும் மற்றொன்று வலப்புறமிருந்தும் சாய்வாக வருகின்றன. சரிவின் ஒரு பக்கத்தில் மட்டும் பிசிறு இருக்கலாம். ஆகவே தேய்க்க வேண்டாம், ஆனால் தடவிப் பார்க்க வேண்டும். போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, சிறு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றிச் சரிவின் மீது மெதுவாக இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு நூல் மாட்டும்.

வடதிசை எழுதியது:

ஐயா, லித்கோ அண்ணன், இருவருக்கும் நன்றி. ஒரு வாரம் உட்கார்ந்து சோதித்தேன். பத்து டம்மிகளை வரவழைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்புப் பேனாவால் வெளிவரும் வரிசைப்படி எண் எழுதினேன். லித்கோ அண்ணன் சொன்னபடி ஒவ்வொன்றையும் முந்தையதன் ரிம்முக்கு முன்னால் விழும்படி நிரப்பினேன். ரிம் லாக் என்ற சந்தேகத்துக்கே இடமில்லாத அடுக்கு.

பத்தும் போட்டால் 2, 4, 6, 8 சிக்குகின்றன; 10 மட்டும் சில தடவை சிக்குகிறது, சில தடவை போய்விடுகிறது. ஐந்து தடவையும் இதே கணக்கு. அடுத்த தோட்டா சேர்ந்து நகரவில்லை. அடியில் அழுத்திப் பிடித்தாலும் மாற்றமில்லை. மூக்கு மேலேயும் முட்டவில்லை, கீழேயும் முட்டவில்லை. சேம்பர் வாயின் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் முட்டுகிறது. டம்மியின் குண்டில் அரிசி நுனி அளவுக்குச் செம்பு சுரண்டப்பட்டு மின்னுகிறது. பஞ்சைச் சரிவில் இழுத்துப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை.

பழைய ஆர்மரர் எழுதியது:

அருமையான வேலை. இப்போது ஒரே ஒரு சோதனை பாக்கி. பத்துக்குப் பதிலாக ஒன்பது டம்மிகளை நிரப்புங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மேகசினின் அடியில் தோட்டாக்களைத் தாங்கும் பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் மேடாக இருக்கும். அதனால் முதலில் போடும் தோட்டா எப்போதும் தாழ்ந்த பக்கத்திலேயே போய் உட்காரும். அடுத்தது மறுபக்கம், அதற்கடுத்தது மீண்டும் தாழ்ந்த பக்கம். பத்துப் போட்டால் முதலில் வெளிவருவது மேட்டுப்பக்கத் தோட்டா; ஒன்பது போட்டால் முதலில் வெளிவருவது தாழ்ந்த பக்கத் தோட்டா. ஒன்பது போடும்போதும் இரட்டைப்படையே சிக்கினால் பக்கத்துக்கும் தொல்லைக்கும் தொடர்பில்லை. ஒற்றைப்படைக்கு மாறினால் தாழ்ந்த பக்கத்தின் லிப்தான் ஆள்.

வடதிசை எழுதியது:

ஒன்பது போட்டேன். 1, 3, 5, 7 சிக்கின. நள்ளிரவில் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். மனைவி எழுந்து வந்து பார்த்தார்.

மேப்பிள் கட்டை எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். நானும் கனடாவில்தான் இருக்கிறேன். லாங் பிராஞ்சில் போர்க்காலத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல் நம்பர் 4 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. வட எல்லையில் ரோந்து போகும் கனடிய ரேஞ்சர்கள் 1947 முதல் அண்மைக்காலம் வரை இதைத்தான் சுமந்தார்கள். பெரும்பாலானவை இன்றும் நன்றாகவே ஓடுகின்றன.

மேகசினைப் பார்க்கும்போதே வேறொன்றையும் பார்த்துவிடுங்கள். உங்களுடையது மார்க் 1 ஸ்டார். மார்க் 1-இல் போல்ட் தலையை விடுவிக்கத் தனிப் பிடி ஒன்று இருந்தது. உற்பத்தியை எளிதாக்குவதற்காக மார்க் 1 ஸ்டாரில் அதை எடுத்துவிட்டு, போல்ட் தலை ஓடும் தடத்தில் ஒரு வெட்டை மட்டும் விட்டார்கள். அந்த வெட்டுக்குப் பக்கத்தில் தடத்தின் விளிம்பு சில்லு பெயர்ந்துபோவது இந்த வகைக்கே உரிய குறை. பெயர்ந்திருந்தால் போல்ட்டை இழுக்கும்போது தலை தடத்திலிருந்து துள்ளி வெளியேறும். பலர் அதையும் தோட்டா சிக்குவதாக எண்ணிக் குழம்புகிறார்கள். தோட்டா சிக்கும்போதெல்லாம் போல்ட்டை மூர்க்கமாக முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தால் நல்ல விளிம்புக்கும் அந்தக் கதி வரலாம்.

வடதிசை எழுதியது:

நன்றி. விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெட்டின் விளிம்பு கூர்மையாக, முழுதாக இருக்கிறது. பெருமூச்சு விட்டேன்.

இனி மேகசின். துப்பாக்கியிலிருந்து அதைக் கழற்றி, பிளாட்பாரத்தின் பின்பகுதியை அழுத்தி முன்பகுதியை மேலெழச் செய்து, ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்தேன். உள்ளே காய்ந்துபோன எண்ணெயும் புழுதியும் சேர்ந்து தார் போல ஒட்டியிருந்தன, துடைத்தெடுத்தேன். பிறகு வெர்னியர் காலிப்பரால் இரண்டு பக்கத்து முன் லிப்களையும், மேகசினின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளந்தேன். தாழ்ந்த பக்கத்து லிப் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உள்நோக்கி வளைந்திருக்கிறது. வெளிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், கறுப்புப் பூச்சின் மேல் வரிசையாக ஐந்து சிறு பள்ளங்கள். குறடின் பல் பதிந்த தடம். எனக்கு முன்னால் யாரோ ஒருவர், நான் செய்ய நினைத்ததை அப்படியே செய்திருக்கிறார்.

பழைய ஆர்மரர் எழுதியது:

நான் எதிர்பார்த்ததுதான். லிப் உள்நோக்கி வளைந்ததால் அந்தப் பக்கத்துத் தோட்டாவின் தோளை எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிடுகிறது. மூக்கு சேம்பரின் நடுவைப் பார்க்காமல் எதிர் ஓரத்தைப் பார்க்கிறது. கடைசித் தோட்டா சில தடவை தப்பிப்பதற்குக் காரணம், அடியில் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைவு. தள்ளும் விசை குறைந்தால் விலகலும் குறையும்.

சரிசெய்யும் முறை சொல்கிறேன். பல் உள்ள குறடு கூடாது. மேகசினுக்குள் இறுக்கமாகப் பொருந்தும்படி கடினமான மரக்கட்டை ஒன்றைச் சீவி உள்ளே வையுங்கள். அது இல்லாமல் அழுத்தினால் பக்கத் தகடும் சேர்ந்து வளைந்துவிடும். லிப்பின் உட்புறத்தில் மென்மையான பித்தளைத் துண்டை வைத்து, கையின் அழுத்தத்திலேயே வெளிநோக்கி மிகச் சிறிது நகர்த்துங்கள். சுத்தியல் வேண்டாம். நகர்த்தியது கண்ணுக்குத் தெரிந்தால் அதிகமாக நகர்த்திவிட்டீர்கள் என்று பொருள். ஒவ்வொரு முறையும் பத்து டம்மி, ஒன்பது டம்மி இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அழுத்தம். மறுபக்கத்து அளவு உங்களுக்கு வழிகாட்டி; ஆனால் அளவைவிட டம்மி சொல்வதையே நம்புங்கள். ஒரே லிப்பை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் தகடு களைத்து வெடிக்கும். இரண்டு மூன்று அழுத்தத்தில் முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு, நல்ல நிலையிலுள்ள பழைய நம்பர் 4 மேகசின் ஒன்றைத் தேடுங்கள்.

கல்தச்சன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், சரிவைத் தேய்த்திருந்தால் வீண் வேலையாகியிருக்கும். ஒரு ஐயம்: இதற்கெல்லாம் பதிலாக இஷாப்பூரில் செய்த 2ஏ1 துப்பாக்கியை வாங்கியிருந்தால் தொல்லையே இருந்திருக்காதே?

பழைய ஆர்மரர் எழுதியது:

2ஏ1 சுடுவது ரிம் இல்லாத 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டா. மேகசினில் பன்னிரண்டு பிடிக்கும். ரிம் இல்லாததால் ரிம் லாக் இல்லை. ஆனால் அதன் மேகசினுக்கும் லிப் உண்டு, அதை வளைப்பதற்குக் குறடும் எல்லா வீட்டிலும் உண்டு.

வடதிசை எழுதியது:

மூன்று அழுத்தங்கள். முதல் அழுத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாவதில் 8-உம் 6-உம் போயின. மூன்றாவதில் பத்தும் போயின, ஒன்பதும் போயின. மெதுவாகத் தள்ளினாலும், வேகமாகத் தள்ளினாலும் நிற்கவில்லை.

சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போய், சார்ஜரில் நிரப்பி நாற்பது தோட்டாக்கள் சுட்டேன். மூன்று தடவை நின்றது. ஆனால் இம்முறை முட்டிய இடம் வேறு: சரிவின் அடியில், ஈய முனை நசுங்கி நின்றது. அதோடு, இணையத்தில் வாங்கிய புது மேகசினையும் வீட்டில் டம்மியை வைத்துச் சோதித்தேன். அதில் எல்லாத் தோட்டாக்களும் தடுமாறுகின்றன, ஆனால் அடியில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் எல்லாம் ஏறுகின்றன.

லித்கோ வாசி எழுதியது:

முதலில் புது மேகசின்: அழுத்தினால் சரியாகிறது என்றால், அது தாழ்ந்து உட்காருகிறது. மேகசினைப் பிடிக்கும் கொக்கியும், சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் சியரும் ஒரே வி வடிவ ஸ்பிரிங்கால் இயங்குகின்றன. பழைய மேகசின் சரியாக உட்காருவதால் உங்கள் கொக்கியையும் ஸ்பிரிங்கையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. புது மேகசினின் முதுகில் கொக்கி மாட்டும் பல்தான் சரியான உயரத்தில் இல்லை. விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து அந்த மூன்று தடவை. உங்கள் டம்மியில் இருப்பது செம்புறையால் மூடிய கூர்முனைக் குண்டு. சுட்டது ஈயம் தெரியும் மழுங்கிய முனை. இந்த மேகசினுக்கு வழக்கமான உணவு 1910-இல் வந்த மார்க் 7 தோட்டா: 174 கிரெய்ன் எடை, கூர்முனை, முழுதும் மூடியது. தோட்டாவின் முழு நீளத்துக்கு உச்ச வரம்பு 3.075 அங்குலம். வேட்டைத் தோட்டாக்கள் பல அதைவிடக் கணிசமாகக் குட்டையானவை. மூக்கு சரிவை எட்டுமுன் தாழ்ந்துவிடும். மென்மையான ஈயம் இரும்பைத் தொட்டதும் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். உங்களுடையதை அளந்து பாருங்கள்.

ரிம் லாக் என்று நான் முதலில் சொன்னது தவறு என்று ஆகிவிட்டது; ஆனாலும் தளர்தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிரப்பும்போது ரிம்மைப் பார்த்து நிரப்பும் பழக்கத்தை நான் விடப்போவதில்லை.

வடதிசை எழுதியது:

அளந்தேன்: 2.95 அங்குலம். உள்ளூர்க் கடையில் 174 கிரெய்ன் எடையுள்ள, முழுதும் மூடிய கூர்முனைத் தோட்டா இரண்டு பெட்டி கிடைத்தது. அதன் நீளம் 3.05 அங்குலம். நேற்று அறுபது சுட்டேன், எல்லாம் சார்ஜரில் நிரப்பியவை. ஒன்றும் நிற்கவில்லை. வேட்டைக்கு மூடிய குண்டு உதவாது என்பதால், மான் பருவம் வருவதற்குள் சற்று நீளமான ஈயமுனைத் தோட்டாவைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் மேகசினில் ஐந்துக்கு மேல் போடாமல், ஒவ்வொன்றையும் டம்மி போல முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வேன்.

ஐயா, ஒரு கடைசிக் கேள்வி: அந்த ஐந்து பல்தடங்களில் கறுப்புப் பூச்சு போய்விட்டது. துரு பிடிக்காமல் இருக்க ஏதாவது பூச வேண்டுமா?

பழைய ஆர்மரர் எழுதியது:

எண்ணெய் தொட்ட, ஃபோர் பை டூ என்னும் துப்பாக்கி துடைக்கும் துணியால் மாதம் ஒரு முறை துடையுங்கள், போதும். மேகசினின் உட்புறத்தில் மட்டும் எண்ணெய் தேங்கக் கூடாது. அதில்தான் புழுதி ஒட்டும். பல்தடத்தின் மேல் பூச்சு அடிக்க வேண்டாம். அடுத்து இந்தத் துப்பாக்கியை வாங்குகிறவர் அதைப் பார்க்கட்டும்.